சூரிய நமஸ்காரம்: புதியவர்களுக்கு முதல் மாதம் எப்படிச் சொல்லிக்கொடுக்கிறீர்கள்?

மொட்டைமாடி வகுப்பு

வணக்கம். திருச்சியில் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் காலை வகுப்பு எடுக்கிறேன். பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கிய பிறகு சொந்தமாக எடுக்கும் முதல் வகுப்பு இது. வருபவர்களில் பாதிக்கு மேல் நாற்பதைத் தாண்டிய பெண்கள். ஐ.டி. வேலையில் இருக்கும் இளைஞர்கள் சிலர், ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர். தாடாசனம், திரிகோணாசனம் எல்லாம் நன்றாகவே போகிறது. சூரிய நமஸ்காரம் தொடங்கினால் மட்டும் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகிறார்கள்.

எங்கே சிக்குகிறது என்று சொல்கிறேன். 12 நிலைகளில், 4ஆம் நிலையில் ஒரு காலைப் பின்னால் கொண்டுபோவது எல்லோருக்கும் வருகிறது. 9ஆம் நிலையில் பர்வதாசனத்திலிருந்து (கையும் காலும் ஊன்றி இடுப்பை உயர்த்தி நிற்பது) அதே பாதத்தைக் கைகளுக்கு நடுவே கொண்டுவரச் சொன்னால் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. 6ஆம் நிலையான அஷ்டாங்க நமஸ்காரத்தில் பொத்தென்று வயிறு தரையில் விழுகிறது. மூச்சை யாரும் விடுவதாகவே தெரியவில்லை. "இழுங்க, விடுங்க" என்று நான் சொல்லச் சொல்ல முகம்தான் சிவக்கிறது.

எங்கள் பயிற்சியில் 12 நிலைகளையும் மூச்சு, மந்திரம் எல்லாவற்றோடும் ஒரே வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். அப்போது வகுப்பில் இருந்த எல்லோரும் ஏற்கெனவே யோகா தெரிந்தவர்கள். இங்கே அப்படி இல்லை. எந்த வரிசையில் சொல்லிக்கொடுப்பது? மூச்சை எப்போது சேர்ப்பது? மந்திரம் சொல்ல வைக்கிறீர்களா? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

கோவை ஆசிரியை

நல்ல கேள்வி. முழுச் சுற்றை முதல் நாளே செய்ய வைக்காதீர்கள். இதில் நான் எந்தச் சமரசமும் செய்துகொள்வதில்லை.

12 நிலைகள் என்கிறோம், ஆனால் 1, 12 ஒன்று. 2, 11 ஒன்று. 3, 10 ஒன்று. 4, 9 ஒன்று. 5, 8 ஒன்று. 6ஆவதான அஷ்டாங்க நமஸ்காரமும் 7ஆவதான புஜங்காசனமும் (படுத்தபடி மார்பைத் தூக்குவது) மட்டும்தான் ஒருமுறை வருபவை. ஆக, கற்க வேண்டிய வடிவங்கள் ஏழு. ஏழையும் தனித்தனி ஆசனமாகச் சொல்லிக்கொடுத்தால் யாரும் திணறுவதில்லை. திணறல் எல்லாம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடத்தில்தான். அதனால் நான் நிலைகளைவிட அந்த இடைவழிகளுக்குத்தான் அதிக நேரம் கொடுப்பேன்.

உங்கள் 9ஆம் நிலைக்கு வருகிறேன். பாதம் முன்னால் வராததற்குத் தொடை இறுக்கம் மட்டும் காரணம் இல்லை. பர்வதாசனத்தில் இடுப்பு உயரத்தில் இருக்கிறது, பார்வை கால் பக்கம் இருக்கிறது, உடல் எடையில் பெரும்பகுதியும் கால் பக்கமே இருக்கிறது. எடை தாங்கும் காலை எப்படித் தூக்க முடியும்? முதலில் தோள்கள் மணிக்கட்டுக்கு நேர் மேலே வரும்வரை உடலை முன்னால் நகர்த்தச் சொல்லுங்கள். பார்வை இரண்டு கைகளுக்கும் சற்று முன்னால். வலது கால் வர வேண்டும் என்றால் எடை இடது கையில். அப்புறம் முட்டியை மார்போடு ஒட்டிக்கொண்டுவந்து பாதத்தை வைக்கச் சொல்லுங்கள். அப்படியும் வராதவர்கள் பின்னங்கால் முட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு, கையால் கணுக்காலைப் பிடித்து எடுத்து வைக்கலாம். நீங்களே அப்படிச் செய்து காட்டிவிடுங்கள். ஆசிரியர் செய்தால் யாருக்கும் கூச்சம் இருக்காது.

இந்த ஒன்றை மட்டும் ஒரு வாரம் செய்யுங்கள். 4, 5, 9. போவது, வருவது, இரண்டு காலுக்கும்.

எந்தக் கால் முதலில் வர வேண்டும் என்பது பள்ளிக்குப் பள்ளி வேறுபடும். சிலர் பின்னால் போன காலையே முன்னால் கொண்டுவருவார்கள், சிலர் மற்ற காலை. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒரே வகுப்பில் இரண்டும் வந்தால் மாணவர்கள் உங்கள் காலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள், தங்கள் உடம்பைக் கவனிக்க மாட்டார்கள்.

மைசூர் வழி

கோவை மேடம் சொன்னதில் பெரும்பகுதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூச்சைப் பற்றி எதுவும் சொல்லவில்லையே. நான் பயின்ற அஷ்டாங்க வின்யாச முறையில் சூரிய நமஸ்காரம் 'ஏ' 9 வின்யாசம் (மூச்சோடு சேர்ந்த அசைவு), 'பி' 17. ஒவ்வொரு எண்ணும் ஒரு மூச்சு. ஒன்று என்றால் உள்மூச்சோடு கை மேலே, இரண்டு என்றால் வெளிமூச்சோடு குனிவது. மூச்சு இல்லாமல் அசைவை மட்டும் சொல்லிக்கொடுத்தால் அது பள்ளிக்கூட டிரில். பிறகு மூச்சைச் சேர்க்கும்போது பழகிய வேகத்தை மாற்ற முடியாமல் தவிப்பார்கள்.

முதல் நாளே மூச்சைச் சொல்லிக்கொடுங்கள், அசைவைக் குறையுங்கள். நின்றுகொண்டு கையை மேலே கொண்டுபோவது, இறக்குவது. அதை மூச்சோடு ஐந்து முறை ஒழுங்காகச் செய்தால் அந்த நாளுக்கு அது போதும்.

கோவை ஆசிரியை

மைசூர் வழி சார், நின்றுகொண்டு கை தூக்குவதற்கு நீங்கள் சொல்வது சரி. நானும் அப்படித்தான் தொடங்குவேன். ஆனால் எந்தக் கால் எங்கே போக வேண்டும் என்று தெரியாமல் குனிந்து நிற்பவரிடம் "இப்போது வெளிமூச்சு" என்றால் அவர் இரண்டையும் விட்டுவிடுவார். காலை எங்கே வைப்பது என்ற பயம் இருக்கும்வரை மூச்சு தானாகவே நின்றுவிடும். அந்த இடங்களில் நான் சொல்வது ஒன்றுதான்: "மூச்சை நிறுத்தாதீங்க." உள்ளேயா வெளியேயா என்பது பிறகு.

வழி தெரிந்த பிறகு மூச்சைச் சேர்ப்பது சுலபம். மார்பு விரியும்போது உள்மூச்சு, வயிறு மடங்கும்போது வெளிமூச்சு. 2, 4, 7, 9, 11இல் உள்ளே. 3, 5, 8, 10, 12இல் வெளியே. இந்தக் கணக்கில் வராத ஒரே இடம் அஷ்டாங்க நமஸ்காரம். பீகார் யோகா பள்ளி முறையில் 5இல் விட்ட மூச்சை 6இல் வெளியிலேயே நிறுத்தச் சொல்வார்கள். புதியவர்களுக்கு நான் அதைச் சொல்வதில்லை. இடையில் ஒரு மூச்சு கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சொல்லிவிடுவேன்.

மைசூர் வழி

அந்தக் கூடுதல் மூச்சு விஷயத்தில் உங்களோடு சேர்ந்துகொள்கிறேன். எங்கள் வகுப்பிலும் புதியவர்களுக்கு அது உண்டு.

ஒன்று சேர்க்கிறேன். யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார் 1950களில் சென்னைக்கு வந்த பிறகு தனித்தனி ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறையில் ஒரு நல்ல பழக்கம் உண்டு. அவர் மகன் தேசிகாச்சாரும் அதையே சொல்லிக்கொடுத்தார். மூச்சு தொடங்கிய பிறகு அசைவு தொடங்க வேண்டும், அசைவு முடிந்த பிறகு மூச்சு முடிய வேண்டும். அதாவது மூச்சு முன்னும் பின்னும் கொஞ்சம் நீண்டிருக்கும். இதைச் சொல்லிப் பாருங்கள், வகுப்பின் வேகம் தானாகக் குறையும். "மெதுவாக, மெதுவாக" என்று கத்த வேண்டியதே இல்லை.

கட்டளை கொடுக்கும் வரிசையும் இதைப் பொறுத்ததுதான். "கையை மேலே தூக்கி, மூச்சை இழுங்கள்" என்றால் கை என்ற சொல் காதில் விழுந்ததுமே கை மேலே போய்விடும், மூச்சு பின்னால் ஓடிவரும். "மூச்சை இழுத்துக்கிட்டே... கை மேலே" என்று மூச்சை முன்னால் வையுங்கள்.

கை வைத்தியம் அல்ல, பிசியோ

பிசியோதெரபிஸ்டாக என் பங்குக்கு. உங்கள் வகுப்பின் வயதைப் பார்த்தால் இவற்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

மணிக்கட்டு. பர்வதாசனத்திலும் அஷ்டாங்க நமஸ்காரத்திலும் அது நன்றாகப் பின்னால் வளைந்த நிலையில் எடை தாங்குகிறது. நாள் முழுக்க கீபோர்டில் இருப்பவர்களுக்கும், மாவு பிசைந்து துணி பிழிந்து ஏற்கெனவே வலி உள்ளவர்களுக்கும் இது சீக்கிரம் தொந்தரவு கொடுக்கும். விரல்களை அகல விரித்து, ஆள்காட்டி விரலின் அடிப்பகுதியைத் தரையில் அழுத்தச் சொல்லுங்கள். எடை முழுவதும் உள்ளங்கையின் அடியில், மணிக்கட்டை ஒட்டிய இடத்தில் விழக் கூடாது. யோகா மேட்டின் ஓரத்தைச் சுருட்டி அதன்மேல் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்தால் வளைவு குறையும். அதுவும் வலித்தால் சுவரில் கை ஊன்றிச் செய்யட்டும்.

முன்னால் குனியும் பாத ஹஸ்தாசனத்தில் (3, 10) முட்டியை மடக்க விடுங்கள். முட்டியை நீட்டிக்கொண்டு கையால் தரையைத் தொட வேண்டும் என்று முயன்றால் தொடையின் பின்தசை விட்டுக்கொடுக்காது, கீழ்முதுகுதான் கூன் போட்டு வளையும். முதுகெலும்பு வட்டு பிதுங்கியவர்களுக்கும் எலும்புத் தேய்மானம் உள்ளவர்களுக்கும் அந்த வளைவு ஆபத்து. வயிறு தொடையைத் தொடட்டும், கை எங்கே வருகிறதோ அங்கே வரட்டும். பர்வதாசனத்தில் குதிகால் தரையைத் தொட்டே ஆக வேண்டும் என்பதும் இல்லை.

யாருக்கு முழுச் சுற்று வேண்டாம்: கட்டுப்பாட்டில் இல்லாத ரத்த அழுத்தம், கண் அழுத்த நோய் (தலை தாழும்போது கண்ணின் அழுத்தம் கூடும்), குடலிறக்கம், அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். கர்ப்பிணிகளுக்கு இந்த வரிசையே வேண்டாம், அவர்களுக்கென்று தனி வகுப்பு இருக்கிறது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் குனிந்து சட்டென்று நிமிர்ந்தால் தலை சுற்றும். 10லிருந்து 11க்கு வரும்போது முட்டி மடக்கி, மெதுவாக.

இன்னொன்று. "வெறும் வயிற்றில் வாருங்கள்" என்று எல்லோரிடமும் சொல்கிறோம். இன்சுலின் போடுபவர்களும் சில வகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் காலையில் எதுவும் சாப்பிடாமல் உடற்பயிற்சி செய்தால் சர்க்கரை இறங்கி மயங்கி விழலாம். அவர்கள் தங்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு வரட்டும். வகுப்பில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும். சேரும்போதே ஒரு தாளில் என்னென்ன நோய், என்னென்ன மருந்து என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

மொட்டைமாடி வகுப்பு

சர்க்கரை விஷயம் என் பயிற்சியில் யாரும் சொல்லவே இல்லை. மிக்க நன்றி. என் வகுப்பில் குறைந்தது மூன்று பேருக்கு சர்க்கரை இருக்கிறது. நாளைக்கே கேட்டுவிடுகிறேன்.

அஷ்டாங்க நமஸ்காரத்துக்கு யாராவது சொல்லுங்களேன்.

கோவை ஆசிரியை

வயிறு விழுவதற்குக் காரணம், எல்லோரும் உடம்பு முழுவதையும் ஒரே நேரத்தில் இறக்கப் பார்ப்பதுதான். வரிசையாக இறக்கச் சொல்லுங்கள். பர்வதாசனத்திலிருந்து முதலில் இரண்டு முட்டிகளும் தரைக்கு. அங்கே ஒரு நொடி நிற்கட்டும், மேசை போல. பிறகு முழங்கைகளை விலாவோடு ஒட்டியபடி மடக்கி, மார்பை இரண்டு கைகளுக்கும் நடுவே இறக்கி, கடைசியாகத் தாடை. இடுப்பு மேலேயே இருக்கும். பாதம் இரண்டு, முட்டி இரண்டு, கை இரண்டு, மார்பு, தாடை. இந்த எட்டு மட்டும்தான் தரையில்.

முழங்கை வெளியே விரிந்தால் நிச்சயம் விழுவார்கள். அதை மட்டும் கவனியுங்கள்.

கை வலு இல்லாதவர்களுக்குச் சுவரில் பழக்குங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி நின்று, மார்பு உயரத்தில் கை ஊன்றி, முழங்கையை ஒட்டியபடி மார்பைச் சுவருக்குக் கொண்டுபோய்த் திரும்புவது. கொஞ்ச நாளில் தரையில் தானாக வந்துவிடும்.

அங்கிருந்து புஜங்காசனத்துக்குப் போகும்போது உடம்பை முன்னால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். அதற்கு மேட் வழுக்காததாக இருந்தால் சுடிதார் துணி மாட்டிக்கொள்ளும். துப்பட்டாவைக் கழற்றி வைத்துவிட்டு, டாப்ஸின் நுனியை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பலர் அந்த இடத்தில் நின்றுவிடுவது துணியால்தான், உடம்பால் இல்லை. புஜங்காசனத்தில் தொப்புளுக்குக் கீழே தரையிலேயே இருக்கட்டும், தோள் காதை விட்டு இறங்கியே இருக்கட்டும், முழங்கை லேசாக மடங்கியே இருக்கட்டும்.

அறுபதைத் தாண்டியவர்

நான் ஆசிரியர் இல்லை, தாம்பரத்தில் ஒரு வகுப்புக்குப் போகும் மாணவன். எங்கள் ஆசிரியை எங்களைப் பார்த்து நின்றுகொண்டு "வலது கால்" என்பார், தானும் வலது காலை எடுப்பார். எங்களுக்கு அது இடது பக்கம் தெரியும். பாதிப் பேர் வலது, பாதிப் பேர் இடது. வேறொருவர் வந்தபோது அவர் எங்களுக்குப் பக்கவாட்டில் திரும்பி நின்று காட்டினார். முதுகு எப்படி வளைகிறது, எந்தக் கால் பின்னால் போகிறது, எல்லாம் ஒரே பார்வையில் புரிந்தது.

தயவு செய்து சுற்றுக் கணக்கைப் போட்டியாக ஆக்காதீர்கள். எத்தனை சுற்று என்று சத்தமாக எண்ணும் வகுப்பில் என்னைப் போன்றவர்கள் நிறுத்த வெட்கப்பட்டுக்கொண்டு மூச்சு வாங்கச் செய்துகொண்டிருப்போம்.

மைசூர் வழி

ஐயா சொன்னது முக்கியம். நேருக்கு நேர் நிற்கத்தான் வேண்டும் என்றால், வாயால் "வலது" என்று சொல்லிவிட்டு நாம் இடது காலை எடுக்கப் பழக வேண்டும். வீட்டில் தனியாகப் பழகிவிட்டு வந்தால்தான் வரும்.

கணக்கைப் பொறுத்தவரை, சூரியனுக்குரிய நாளான ரதசப்தமிக்கு 108 சுற்று செய்வது பல இடங்களில் வழக்கம். ஆண்டு முழுக்கச் செய்பவர்கள் அன்றைக்குச் செய்யட்டும், அதில் ஒரு அழகு இருக்கிறது. சேர்ந்து ஒரு மாதம் ஆனவர்களை அதில் இழுத்துவிடுவது சரியில்லை.

படித்துக்கொண்டிருப்பவன்

நடுவில் ஒரு கேள்வி. 5000 ஆண்டுப் பழமையான வரிசை இது என்கிறார்களே, அப்படியென்றால் ஆளுக்கொரு மாதிரி செய்வது எப்படி? எது அசல்?

பழைய புத்தகக்காரர்

சூரிய வழிபாடு மிகப் பழையது, அதில் ஐயமில்லை. ஆனால் நாம் செய்யும் இந்த ஆசன வரிசை ஹடயோகப் பிரதீபிகை என்ற பழைய யோக நூலில் இல்லை. அதில் விவரிக்கப்படும் ஆசனங்களே 15தான். மகாராஷ்டிரத்தில் மல்யுத்தம் பழகுபவர்களிடமும் குடும்பங்களிலும் நமஸ்காரம் உடற்பயிற்சியாக இருந்துவந்தது. அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர் ஔந்த் சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி. 1920களில் தன் சமஸ்தானப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வைத்தார், அதைப் பற்றி நூலும் எழுதினார். அவருடைய முறை 10 நிலைகள் கொண்டது. 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் யோகா சொல்லிக்கொடுத்தார்; அவருடைய மாணவர் பட்டாபி ஜோயிஸ் வழியாக மைசூர் வழி சார் சொல்லும் 9 வின்யாச முறை பரவியது. நம் பத்தமடையில் பிறந்து ரிஷிகேஷ் போன சிவானந்தரின் சீடர்கள் வழியாக 12 நிலை முறை பரவியது. பீகார் பள்ளியைத் தொடங்கிய சத்யானந்தரும் அவருடைய சீடர்தான்.

அதனால் எது அசல் என்று தேட வேண்டியதில்லை. எதிரே நிற்பவருக்கு எது பொருந்துகிறதோ அதைத் தேர்ந்தெடுக்க ஆசிரியருக்கு உரிமை இருக்கிறது. அந்த உரிமையைத் துணிந்து பயன்படுத்துங்கள். 12 வராதவருக்கு 8 நிலையில் ஒரு வரிசை அமைத்துக் கொடுத்தால் குற்றம் ஒன்றும் இல்லை.

மொட்டைமாடி வகுப்பு

இது எனக்குப் பெரிய நிம்மதி. எதையாவது மாற்றினால் மரபை மீறுகிறோமோ என்ற பயம் இருந்துகொண்டே இருந்தது.

மந்திரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. என் வகுப்பில் ஒரு முஸ்லிம் அக்காவும் கிறிஸ்தவக் குடும்பத்திலிருந்து இருவரும் வருகிறார்கள். அவர்கள் எதுவும் கேட்டதில்லை. ஆனால் "ஓம் மித்ராய நம" என்று தொடங்கும்போது அந்த அக்கா தலையைக் குனிந்துகொள்கிறார்.

நாற்காலி யோகா

அவர் கேட்கும்வரை காத்திருக்காதீர்கள். மந்திரம் இல்லாமலே இந்த வரிசை முழுமையாக இருக்கும். ஒன்று, இரண்டு என்று எண்ணலாம், மூச்சை மட்டும் சொல்லலாம். ஜூன் 21 யோகா தினத்துக்கு அரசு வெளியிடும் பொது நெறிமுறையில்கூட சூரிய நமஸ்காரம் சேர்க்கப்படவில்லை. 2015இல் இதைப் பற்றி நாடு முழுக்கப் பேச்சு நடந்தது.

கோவை ஆசிரியை

நான் கொஞ்சம் வேறு மாதிரி நினைக்கிறேன். மித்ராய, ரவயே, சூர்யாய, பானவே என்று பன்னிரண்டு பெயர்களையும் சொல்லிக்கொண்டே செய்வது என்னைப் பொறுத்தவரை வெறும் அலங்காரம் இல்லை. அந்தப் பெயர்களுக்காகவே வகுப்புக்கு வரும் பெரியவர்களும் உண்டு. அவர்களிடமிருந்து அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. வகுப்பு முடிந்த பிறகு விருப்பம் உள்ளவர்கள் மட்டும் இருந்து மந்திரத்தோடு இரண்டு சுற்று செய்வதாக வைத்திருக்கிறேன். பொது வகுப்பில் மூச்சு மட்டும்.

வாசகி

நான் முஸ்லிம். இப்படி ஒரு வகுப்பில் இருந்திருக்கிறேன். எங்கள் ஆசிரியை சேர்க்கும்போதே தனியாகக் கூப்பிட்டு, "இதில் மந்திரம் இருக்கிறது, சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, கைகூப்புவதில் சங்கடம் இருந்தால் கையை மார்பில் வைத்தாலே போதும்" என்று சொன்னார். எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தால் நான் அடுத்த நாள் போயிருக்க மாட்டேன். நீங்களும் அந்த அக்காவிடம் தனியாகப் பேசுங்கள்.

மொட்டைமாடி வகுப்பு

பேசுகிறேன் அக்கா. இன்றைக்கே.

நாற்காலி யோகா

வங்கி ஊழியர் ஐயாவுக்கு ஒரு வழி. கைப்பிடி இல்லாத, சக்கரம் இல்லாத நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், டைல்ஸில் சறுக்கும். இரும்பு மடக்கு நாற்காலியைச் சுவரில் அண்டக் கொடுத்து வையுங்கள். உட்கார்ந்து கை மேலே, உட்கார்ந்தபடியே தொடைமேல் குனிவது, ஒரு முட்டியைக் கையால் பிடித்து மார்புக்குக் கொண்டுவந்து நிமிர்ந்து பார்ப்பது (அதுதான் அவருடைய 4ஆம் நிலை), பிறகு எழுந்து நாற்காலியின் இருக்கையில் கை ஊன்றிப் பர்வதாசனம். அஷ்டாங்க நமஸ்காரத்தை விட்டுவிடலாம். மற்றவர்கள் தரையில் செய்யும் அதே மூச்சில் அவரும் கூடவே செய்ய முடியும். தனியாக ஒரு மூலையில் உட்கார வைத்த மாதிரி அவருக்குத் தோன்றக் கூடாது.

கை வைத்தியம் அல்ல, பிசியோ

யாரையாவது கையால் தொட்டுத் திருத்துவதாக இருந்தால் முதலில் கேளுங்கள். புஜங்காசனத்தில் தோளைப் பின்னால் இழுப்பதும், பாத ஹஸ்தாசனத்தில் முதுகை அழுத்துவதும் வேண்டவே வேண்டாம். சொல்லால் திருத்த முடியாததைக் கையால் அழுத்தித் திருத்த முடியாது.

மொட்டைமாடி வகுப்பு

எல்லோருக்கும் நன்றி. இப்படி வைத்துக்கொள்கிறேன். முதல் வாரம் நின்றபடி கை, மூச்சு. கூடவே 4, 5, 9 இடைவழி மட்டும். அடுத்த வாரம் சுவரில் அஷ்டாங்க நமஸ்காரம், தரையில் புஜங்காசனம். மூன்றாம் வாரம் வரிசையை இணைத்து, மூச்சு உள்ளேயா வெளியேயா என்று சொல்லாமல். நான்காம் வாரம் மூச்சோடு. யாராவது தயாராக இல்லை என்றால் அவருக்கு அந்த வாரம் நீளட்டும். நான் பக்கவாட்டில் நின்று காட்டப் போகிறேன். 9ஆம் நிலையில் கை தரைக்கு எட்டாதவர்களுக்குப் பழைய துண்டில் சுற்றிய செங்கல் இரண்டு வைக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

கோவை ஆசிரியை

வாரக் கணக்கு நன்றாக இருக்கிறது. மூன்றாம் வாரத்தில்தான் எல்லோரும் வேகம் எடுப்பார்கள், அப்போது சுற்றைக் குறையுங்கள்.

செங்கல் சரிதான். ஆனால் துண்டில் சுற்றினால் மாடித் தரையில் நழுவும், அதனால் மேட்டின் மேலேயே வையுங்கள். நிற்க வைக்காமல் படுக்க வையுங்கள், கை எடை விழும்போது கவிழாது. பாதம் வந்து நிற்கும் அளவுக்கு இரண்டுக்கும் நடுவே இடம் விடுங்கள். கால் விரல் செங்கல்லில் இடித்துக்கொண்டால் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே காலைக் கொண்டுவர மாட்டார்கள்.